எல்லாம் சரியாக வைத்தும் அஞ்சல் திரும்பி வருகிறது

கேள்வி: திருத்துறைப்பூண்டி வாசகர், 2 ஜூன் 2025

எங்கள் பாரம்பரிய நெல் விதைக் குழுவுக்காக ஒரு சிறிய மின்னஞ்சல் சர்வரை நானே அமைத்திருக்கிறேன். உறுப்பினர்கள் 137 பேர். எஸ்பிஎஃப் (எந்த முகவரிகளிலிருந்து அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (அஞ்சலில் போடும் கையொப்பம்), டிமார்க் (இரண்டும் தேறாவிட்டால் என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் வைத்தாயிற்று. சோதனைத் தளத்தில் பத்துக்குப் பத்து வருகிறது. ஆனாலும் பெரிய நிறுவனங்களின் பெட்டிகளுக்கு அனுப்பினால் சில நாள் போகிறது, சில நாள் 550, அதாவது மறுப்பு, என்று திரும்புகிறது. சிறியவர்கள் சொந்தமாக அஞ்சல் நடத்தவே கூடாது என்பதற்காகத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்பது என் முடிவு. இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

2 ஜூன் 2025, இரவு

பாதி முடியும். கும்பகோணத்தில் குத்துவிளக்கு வியாபாரம் செய்யும் நான், கடைக்கான மின்னஞ்சலை 2012 முதல் என் சொந்த சர்வரில்தான் வைத்திருக்கிறேன். அதனால் உங்கள் கோபம் எனக்குப் புதிதல்ல.

நீங்கள் சொன்ன மூன்றோடு சேர வேண்டிய நான்காவது ஒன்று விடுபட்டிருக்கிறது. அது பிடிஆர், அதாவது ஐபி முகவரியிலிருந்து பெயருக்குத் திரும்பிப் போகும் பதிவு. நம் பக்கம் ஒரு புதிய பையன் தெருவுக்குள் வந்தால், திண்ணையில் இருப்பவர் முதலில் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்; அவன் ஒரு வீட்டைச் சொன்னால், அந்த வீட்டிலும் ஒரு வார்த்தை விசாரித்து வைப்பார். பெரிய சர்வர்கள் செய்வதும் இதுவே. உங்கள் ஐபி முகவரியைப் பார்த்து அது என்ன பெயர் சொல்கிறது என்று கேட்கும். பிறகு அந்தப் பெயரைத் தேடி, அது அதே முகவரிக்குத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

இந்தப் பதிவை உங்கள் டொமைன் விற்பவரிடம் வைக்க முடியாது, முகவரிக்கு உரிமையானவர்தான் வைக்க வேண்டும். வீட்டு பிராட்பேண்டில் சர்வர் ஓடுகிறது என்றால் அதற்குப் பெரும்பாலும் வழி இல்லை. போதாக்குறைக்கு வீட்டு இணைப்புகளின் முகவரித் தொகுதிகள் ஸ்பாம் தடுப்புப் பட்டியல்களை நடத்தும் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் பிபிஎல் பட்டியலில் மொத்தமாகவே இருக்கும். அந்தப் பட்டியல் குற்றவாளிகளின் பட்டியல் அல்ல. "இந்த முகவரிகளிலிருந்து நேரடியாக அஞ்சல் வர வேண்டிய அவசியம் இல்லை" என்பது மட்டுமே அதன் பொருள். நீங்கள் வீட்டிலிருந்து நடத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் இங்கேயே நிறுத்திவிடலாம்.

3 ஜூன் 2025

நிறுத்த முடியவில்லை. வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்தான் என்றும், பிடிஆர் பதிவை முதல் நாளே வைத்துவிட்டதாகவும் நண்பர் எழுதியிருக்கிறார். விசாரிக்காமல் ஊகித்தது என் தவறு.

5 ஜூன் 2025

அவருடைய ஐபி முகவரியைத் தனிமடலில் வாங்கி ஸ்பாம்ஹவுஸில் தேடினேன். பதில் வந்தது. பட்டியலில் பதில் வந்தால் முகவரி அதில் இருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே, உங்கள் முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, உங்களுக்கு முன்பு அதை வாடகைக்கு வைத்திருந்த எவனோ ஸ்பாம் அனுப்பியிருக்கிறான், வாடகைக்காரர் மாறினாலும் வீட்டின் கெட்ட பெயர் மாறுவதில்லை, வேறு முகவரி கேட்டு வாங்குங்கள்.

5 ஜூன் 2025, இரண்டு மணி நேரம் கழித்து

மேலே எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம். வந்த பதிலை நான் சரியாகப் படிக்கவில்லை. 127.0.0 என்று தொடங்கும் பதில்தான் பட்டியலில் இருப்பதைக் குறிக்கும். எனக்கு வந்ததோ 127.255.255.254. எல்லோருக்கும் பொதுவான டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) வழியாகக் கேட்டால் அவர்கள் விடை சொல்ல மாட்டார்கள், இந்த எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "நீ யார் என்று தெரியாது, உனக்குப் பதில் இல்லை" என்பதை "அவன் திருடன்" என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். என் சொந்த டிஎன்எஸ் வழியாக மறுபடி கேட்டேன், பதிலே இல்லை. முகவரி சுத்தமாக இருக்கிறது.

இதே பிழையை சர்வர்களும் செய்கின்றன என்பதுதான் வேடிக்கை. எந்தப் பதில் வந்தாலும் தள்ளு என்று அமைக்கப்பட்ட ஒரு சர்வர், பொது டிஎன்எஸ் வழியாக ஸ்பாம்ஹவுஸைக் கேட்கத் தொடங்கினால், அன்று முதல் உலகத்தில் யார் அனுப்பிய அஞ்சலும் உள்ளே வராது.

8 ஜூன் 2025

நண்பர் கேள்வியிலேயே விடையை எழுதியிருந்தார். நான்தான் ஆறு நாளாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். "சில நாள் போகிறது, சில நாள் திரும்புகிறது." அமைப்பில் பிழை என்றால் எல்லா நாளும் திரும்ப வேண்டும், முகவரியின் பெயர் கெட்டிருந்தாலும் அப்படித்தான். சில நாள் மட்டும் திரும்புகிறது என்றால், அவருடைய சர்வர் சில நாள் ஒரு வாசல் வழியாகவும் சில நாள் வேறொரு வாசல் வழியாகவும் வெளியே போகிறது என்று பொருள்.

லாக்கிலிருந்து, அதாவது சர்வர் தானே எழுதி வைக்கும் குறிப்பேட்டிலிருந்து, இருபது வரிகளை அனுப்பச் சொன்னேன். போன அஞ்சல்கள் அனைத்தும் ஐபிவி4 என்ற பழைய, குட்டையான வகை முகவரிகளுக்குப் போயிருந்தன. திரும்பிய ஏழும் ஐபிவி6, அந்த நீண்ட, இடையிடையே முக்காற்புள்ளிகள் போட்ட முகவரிகள். வாடகை சர்வரோடு ஒரு ஐபிவி6 முகவரியும் இலவசமாக வந்திருக்கிறது. அவர் அதைக் கேட்கவும் இல்லை, கவனிக்கவும் இல்லை. அவருடைய அஞ்சல் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ், எதிரில் இரண்டு வகை முகவரியும் இருந்தால் தன் போக்கில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். பிடிஆர் பதிவு ஐபிவி4க்கு மட்டும் இருந்தது. எஸ்பிஎஃப் வரியிலும் ஐபிவி4 மட்டுமே எழுதப்பட்டிருந்தது. ஐபிவி6 வழியாக வருகிறவர்களுக்குப் பெரிய நிறுவனங்கள் காட்டும் கண்டிப்பு கூடுதல். பிடிஆர் இல்லை என்றால் வாசலோடு சரி. சோதனைத் தளத்துக்குப் போன அஞ்சல் ஐபிவி4 வழியாகப் போயிருக்கிறது, அதனால் பத்துக்குப் பத்து.

ஐபிவி6க்கும் பிடிஆர் வைத்து எஸ்பிஎஃப் வரியில் அதையும் சேர்க்கலாம், அல்லது ஐபிவி4 மட்டும் போதும் என்று போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு வரி எழுதிவிடலாம். அவர் இரண்டாவதைச் செய்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

9 ஜூன் 2025

"மே 5 அன்று வந்த புது விதியால்தான் எனக்கு இப்படி ஆயிற்று என்று நினைத்திருந்தேன்" என்று எழுதியிருக்கிறார். மைக்ரோசாஃப்ட் அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்ததும், கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியில் தொடங்கியதும், மூன்று சான்றுகளையும் கட்டாயமாகக் கேட்பது பெருமளவில் அனுப்புகிறவர்களிடம்; கூகுளும் மைக்ரோசாஃப்டும் வைத்த எல்லை நாளொன்றுக்கு 5000 அஞ்சல். 137 பேருக்கு மாதம் ஒரு முறை எழுதுகிறவருக்கு அந்தப் பகுதி பொருந்தாது. ஆனால் கூகுளின் விதிகளில் எல்லோருக்கும் பொதுவான பகுதியும் ஒன்று உண்டு: எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும், பிடிஆர் வேண்டும், அனுப்பும்போது டிஎல்எஸ், அதாவது வழியில் யாரும் படிக்க முடியாத மறையாக்கம், வேண்டும். அவர் மாட்டிக்கொண்டது இந்தப் பொதுப் பகுதியில்.

11 ஜூன் 2025

நண்பரைக் குறை சொன்னது போதும், என் கதையையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு டிகிம் சாவியை 1024 பிட்டிலிருந்து 2048 பிட்டுக்கு மாற்றினேன். பொதுச் சாவியை டிஎன்எஸில் ஒரு டிஎக்ஸ்டி பதிவாக வைக்க வேண்டும். அந்தப் பதிவில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துகள்தான் இடம். 2048 பிட் சாவியோ 400 எழுத்தை நெருங்கும். ஆகவே அதை இரண்டு மேற்கோள் துண்டுகளாக உடைத்து எழுத வேண்டும். டொமைன் வாங்கிய இடத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் நான் முழுச் சாவியையும் ஒரே துண்டாக ஒட்டிச் சேமித்தேன். "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் காட்டியது. 255க்குப் பிறகு இருந்ததை அது சத்தமில்லாமல் வெட்டி எறிந்துவிட்டது.

நான்கு மாதம் எனக்குத் தெரியாது. எஸ்பிஎஃப் சரியாக இருந்ததால் டிமார்க் தேறிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒன்று தேறி, அனுப்புநர் டொமைனோடு பொருந்தினால் அதற்குப் போதும். இரண்டே இரண்டு வாடிக்கையாளர்கள் மட்டும், இருவரும் தாம் படித்த கல்லூரியின் பழைய முகவரியை வைத்திருப்பவர்கள், என் அஞ்சல் வருவதே இல்லை என்றார்கள். அந்தக் கல்லூரியின் சர்வர்தான் பழுது என்று நான் முடிவு கட்டியிருந்தேன், அங்கே ஒருவருக்குக் கொஞ்சம் கடுமையாக எழுதியும் இருந்தேன்.

உண்மையில் அந்தக் கல்லூரி முகவரிகள் வேறு பெட்டிக்குத் திருப்பி அனுப்புகிறவை. வழியில் ஒருவர் வாங்கித் திருப்பி அனுப்பினால், சென்று சேரும் இடத்தில் அவருடைய ஐபி முகவரிதான் தெரியும். அது என் எஸ்பிஎஃப் வரியில் இல்லை. அந்த நிலையில் அஞ்சலைக் காப்பாற்றக்கூடியது டிகிம் கையொப்பம் ஒன்றுதான், ஏனென்றால் அது அஞ்சலோடு ஒட்டிக்கொண்டு போகிறது. என்னுடையது வெட்டுப்பட்ட சாவி. டிமார்க்கில் நானே "நிராகரி" என்று எழுதி வைத்திருந்தேன். ஆகவே என் அஞ்சலை நிராகரிக்கச் சொன்னதே நான்தான்.

தினமும் வந்து குவியும் டிமார்க் அறிக்கைகளை அதுவரை நான் திறந்து பார்த்ததில்லை. சுருக்கிய கோப்புக்குள் எக்ஸ்எம்எல், அதை மனிதர் படிக்க முடியாது என்பது என் சாக்கு. ஒரு மழை நாளில் கடையில் ஆள் இல்லாதபோது திறந்தேன். டிகிம் என்ற இடத்தில் வரிக்கு வரி "தோல்வி" என்று இருந்தது, நான்கு மாதத்துக்கும்.

14 ஜூன் 2025

மேட்டூர் 12 அன்று திறந்தாயிற்று. நண்பர் குறுவைக்கான விதை இருப்பு விவரத்தை 137 பேருக்கும் அனுப்பினார். ஒன்றுகூடத் திரும்பவில்லை, எல்லாவற்றுக்கும் 250, அதாவது "வாங்கிக்கொண்டோம்", என்றே வந்தது. இந்த இழை இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன்.

இன்று காலை தொலைபேசியில் அழைத்தார். குழுவின் தலைவரான பெரியவர் கைப்பேசியை நீட்டி, "தம்பி, நீ அனுப்பினேன்னு சொல்றே, எனக்கு ஒண்ணும் வரலையே" என்றாராம். வாங்கிப் பார்த்தால் ஸ்பாம் பெட்டியில், ஏதோ லாட்டரிப் பரிசுக்கும் கடன் விளம்பரத்துக்கும் நடுவில், தூயமல்லி எத்தனை மூட்டை இருக்கிறது என்ற கடிதம் கிடந்திருக்கிறது. மற்றவர்களிடமும் விசாரித்ததில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான்.

550 என்பது முகத்துக்கு நேரே சொல்லும் மறுப்பு. யார், எந்த நொடியில், எந்தக் காரணத்தால் தள்ளினார்கள் என்பது லாக்கில் இருக்கும். அதை வைத்து ஆறு நாளில் நாம் காரணத்தைப் பிடித்துவிட்டோம். 250 சொல்லி வாங்கிக்கொண்டு யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் போட்டுவிட்டால், அனுப்பியவருக்கு எதுவும் தெரியாது. எனக்கு இதில் நஷ்டமே ஏற்பட்டிருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் புதுமனை புகுவிழாவுக்கு ஐந்தடி நாச்சியார்கோவில் விளக்கு இரண்டு வேண்டும் என்று விலை கேட்டிருந்தார். அன்றே எழுதினேன், 250 வந்தது. பத்து நாள் கழித்து நானே அழைத்தபோது, "நீங்கதான் பதிலே போடலையே சார், வேற இடத்துல வாங்கிட்டோம்" என்றார். அந்த இரண்டு விளக்குகளில் ஒன்று இன்னும் கடை வாசலில் நிற்கிறது.

15 ஜூன் 2025

கல்லணையும் இன்று திறந்துவிட்டார்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தண்ணீர் முன்னால் போகுமா, நண்பரின் அஞ்சல் இன்பாக்ஸுக்கு முன்னால் போகுமா என்று என் மகள் கேட்கிறாள். தண்ணீர் மேல் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

17 ஜூன் 2025

ஸ்பாம் பெட்டிக்கு மருந்து என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சான்றுகள் எல்லாம் சரியாக இருந்தால் "இது இன்னார் எழுதியதுதான்" என்பது மட்டுமே உறுதியாகிறது. அந்த இன்னார் நல்லவரா என்பதை அவை சொல்வதில்லை. அதற்குப் பழக்கம் வேண்டும். புதிய முகவரியிலிருந்து ஒன்றும் வராமல் இருந்து, திடீரென ஒரே நாளில் 137 அஞ்சல் கிளம்பினால், பார்க்கிறவருக்கு அது ஸ்பாம் போலத்தான் தோன்றும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கூகுள் அனுப்புநர்களுக்காக ஒரு கருவியை இலவசமாகவே வைத்திருக்கிறது; எத்தனை பேர் ஸ்பாம் பொத்தானை அழுத்தினார்கள் என்றெல்லாம் அது காட்டும். ஆனால் தினமும் கணிசமான எண்ணிக்கையில் அனுப்புகிறவர்களுக்குத்தான் காட்டும். என் கணக்கில் நுழைந்தால் "காட்டுவதற்குத் தரவு இல்லை" என்பதே ஆண்டுக்கணக்காக வரும் பதில். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்பது எல்லா அனுப்புநர்களுக்கும் கூகுள் வைத்த விதி. 137 பேரில் ஒருவர் கை தவறி அந்தப் பொத்தானை அழுத்தினாலே 0.7 சதவீதத்தைத் தாண்டிவிடும். பெரிய வாய்க்காலை அளக்கச் செய்த அளவுகோலைக் கொண்டுவந்து கடைமடை வரப்பில் நட்டால் என்ன தெரியும்?

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது கைவைத்தியம்தான். அஞ்சலை ஒரே மூச்சில் அனுப்பாமல் நாளுக்குப் பதினைந்து பேராகப் பிரித்து அனுப்பச் சொன்னேன். பெறுகிறவர்கள் ஸ்பாம் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, "கிடைத்தது" என்று ஒரு வார்த்தை பதில் போட வேண்டும். இந்தப் பதில் பெரிய உதவி. படங்களையும் இணைப்புகளையும் விட்டுவிட்டு வெறும் எழுத்தாக எழுதுவது நல்லது.

24 ஜூன் 2025

"அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்" என்று ஒருவர் என்னைக் கடிந்திருக்கிறார். நியாயம்தான், யோசித்தேன்.

ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்திலிருந்துதான் இன்றைய எஸ்எம்டிபி, அதாவது சர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றும் நெறிமுறை, தொடங்குகிறது. அதில் அனுப்புகிறவர் தன் பெயரை என்னவென்று சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். சரிபார்க்க வழியே வைக்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1978 மே 3 அன்று, கேரி துர்க் என்ற விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்குக் கணினி விளம்பரம் ஒன்றை அனுப்பிவிட்டார், அதைத்தான் முதல் ஸ்பாம் என்கிறார்கள். ஸ்பாம் வந்த பிறகும் வாசலுக்குப் பூட்டு வைக்கவில்லை. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் பின்னால் அடித்த ஆணிகள், ஒவ்வொன்றும் வேறு எதையாவது உடைத்தது. யாஹூ 2014 ஏப்ரலில் தன் டொமைனுக்கு டிமார்க் நிராகரிப்பை வைத்தபோது உலகமெங்கும் மடலாடற்குழுக்கள் நிலைகுலைந்தன. குழு சர்வர் தலைப்பில் ஒரு சொல்லையும் கீழே ஒரு வரியையும் சேர்க்கிறது, அதனால் கையொப்பம் செல்லாமல் போகிறது. யாஹூ உறுப்பினர் ஒருவர் எழுதிய கடிதத்தால் மற்ற உறுப்பினர்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்ட கூத்தெல்லாம் நடந்தது.

ஆக, அவர்கள் வேண்டுமென்றே நம்மை ஒழிக்கிறார்கள் என்று நான் இன்னும் நம்பவில்லை. நம்மை நினைக்கவே இல்லை என்பதுதான் என் எண்ணம். தள்ளப்பட்டவன் போய்க் கேட்க ஒரு ஜன்னல்கூட இல்லை என்பதில் மட்டும் என் கோபம் குறையவில்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் படிவத்தை நான் நான்கு முறை நிரப்பியிருக்கிறேன். "உங்கள் முகவரி தடை நீக்கத்துக்குத் தகுதி பெறவில்லை" என்ற அதே பதில் நான்கு முறையும் வந்தது. என்ன தகுதி என்று சொன்னால் அடைய முயலலாம்.

6 ஜூலை 2025

சர்வரை வீட்டில் வைப்பது பற்றி மறுபடி கேட்கிறார்கள். அனுப்புவதற்கு வேண்டாம் என்று முதல் நாளே எழுதினேன். பெறுவதற்கு வைக்கலாம், அதற்கும் ஒரு நினைவு இருக்கிறது.

2018இல் என் சர்வர் மன்னார்குடியில் மைத்துனர் வீட்டு மாடியில், ஒரு பழைய மேசைக் கணினியில் இருந்தது. அங்கே நிலையான முகவரியோடு இணைப்பு கிடைத்ததுதான் காரணம். நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தது. தென்னை, மின்கம்பம் எல்லாம் சாய்ந்து, அந்தத் தெருவுக்கு மின்சாரம் திரும்ப 11 நாளாயிற்று. அந்த நாட்களில் அஞ்சலைப் பற்றி எவர் நினைப்பார்? பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் எஸ்எம்டிபியின் பொறுமை புரிந்தது. எதிர் சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் அனுப்புகிறவர் உடனே கைவிடக்கூடாது, குறைந்தது நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது வழக்கம். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பும் ஐந்து நாள். ஆகவே 22ஆம் தேதிக்குப் பிறகு எழுதியவர்களின் அஞ்சல்கள், மின்சாரம் வந்த அன்று மாலை அடுக்கடுக்காக வந்து விழுந்தன. அதற்கு முன் எழுதியவர்களுடையது திரும்பிப் போய்விட்டது. முதல் இரண்டு நாட்களில் எழுதியவர்களில் பெரும்பாலோர் "பத்திரமாக இருக்கிறீர்களா" என்று கேட்டவர்கள் என்பது பின்னால் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் நானும் வாடகை சர்வருக்குப் போனேன்.

19 ஜூலை 2025

நண்பரிடமிருந்து செய்தி. சம்பாவுக்கான விதைப் பட்டியலை ஒன்பது நாளில் பிரித்து அனுப்பினாராம். எதுவும் திரும்பவில்லை, ஸ்பாமில் கிடந்தது என்று சொன்னவர்கள் ஆறு பேர். பெரியவருக்கு இந்த முறை நேரே வந்திருக்கிறது. "கிடைத்தது" என்று பதில் போடச் சொன்னதற்கு அவர் தொலைபேசியில் அழைத்துக் "கிடைச்சுது" என்று சொல்லியிருக்கிறார்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது நாளுக்கு மேல் இவ்வளவு எழுதிவிட்டு, என் கடையின் விலைப்பட்டியல்களை மட்டும் கடந்த ஆண்டிலிருந்து கட்டண ரிலே ஒன்றின் வழியாகத்தான், அதாவது காசு வாங்கிக்கொண்டு நமக்காக அஞ்சலை அனுப்பித் தரும் சேவை வழியாகத்தான், அனுப்புகிறேன். பெறுவது, சேமிப்பது எல்லாம் என் சர்வரில்; விலை கேட்டவருக்குப் போகும் பதில் மட்டும் அடுத்தவர் முகவரியில். கோயம்புத்தூர் விளக்குக்குப் பிறகு எடுத்த முடிவு அது. வாசகர் வட்டத்துக்கும் உறவினர்களுக்கும் எழுதுவது இன்றும் என் சர்வரிலிருந்து நேரடியாகவே போகிறது. அது தவறிப்போனால் யாராவது திட்டுவார்கள், நஷ்டம் இல்லை.

20 ஜூலை 2025

இன்று காலை வரிசையைப் பார்த்தேன். ஒரே ஒரு அஞ்சல் மூன்று நாளாக நிற்கிறது, 452, அதாவது "இப்போது முடியாது, பிறகு வா", என்று ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. பதறிப்போய்ப் பிடிஆர், எஸ்பிஎஃப், டிகிம் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்த பிறகுதான் பதிலின் மீதியைப் படித்தேன்: பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டதாம். பெறுநர் மன்னார்குடி மைத்துனர். தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன், எந்த அஞ்சலை அழிப்பது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.